பெயர் வாசிக்கப்படாத ஊழியம்

கேள்வி: ஐயா, கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். எனக்கு வயது 52. தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். திருமணமாகி இங்கு வந்த காலம் முதல் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இராப்போஜனக் கிண்ணங்களைக் கழுவி வைப்பது, பாய்களைத் தட்டி விரிப்பது எல்லாமே என் வேலைதான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கடைசியாக நடந்த ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பெயரை வாசிக்கவில்லை. கேட்டதற்குப் பட்டியலில் விடுபட்டுவிட்டது என்றார்கள். அடுத்த மாதமே, சிறு வயதில் என்னிடம் பாடம் கற்ற ஒரு பெண்ணைக் கண்காணிப்பாளராக நியமித்தார்கள். நல்ல பெண்தான், பி.எட். முடித்தவள், கீபோர்டும் வாசிப்பாள். "ஆன்ட்டி, இந்த வருஷம் நீங்க குட்டிப் பிள்ளைங்க வகுப்பை மட்டும் பார்த்துக்குங்க" என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஜெபிக்க வரவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. "நீங்க மனுஷருக்காகத்தான் ஊழியம் செஞ்சிருக்கீங்க, அண்ணி, இல்லேன்னா ஏன் இவ்வளவு வருத்தம்?" என்கிறாள் என் நாத்தனார். என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். "வீட்டைப் பார்க்காமல் கோயிலே கதி என்று கிடந்தாயே, என்ன கிடைத்தது?" என்று கேட்கிறார். நான் ஊழியத்தை விட்டுவிடட்டுமா? இத்தனை வருஷம் செய்ததைத் தேவன் ஏற்றுக்கொண்டாரா, இல்லையா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது. "உங்கள் கிரியையையும், தமது நாமத்திற்காகக் காண்பித்த அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிடுகிறதற்கு தேவன் அநீதியுள்ளவரல்லவே" என்று எபிரெயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. நீங்கள் இப்போது வருத்தப்படுகிறீர்கள் என்பதற்காக, வருத்தமே இல்லாமல் மனப்பூர்வமாகச் செய்த கடந்த ஆண்டுகளின் வேலை பின்னோக்கிப் போய்க் கெட்டுவிடாது. உங்கள் நாத்தனாரின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மனிதர் புறக்கணிக்கும்போது மனம் நோவது, மனிதருக்காகவே உழைத்ததற்குச் சாட்சி ஆகாது. கெத்செமனேயில் தம்மோடு ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாதவர்களைப் பார்த்து நம் ஆண்டவரும் வேதனையோடு கேட்டார். நோவு வேறு, அந்த நோவை நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் நாம் பேசவேண்டும்.

அதற்கு முன் சபையைக் குறித்து ஒரு வார்த்தை. உங்கள் பெயர் விடுபட்டது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால், அவர்கள் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை மீண்டும் வாசிக்கட்டும். அத்தனை ஆழமான உபதேசத்தை எழுதி முடித்த பவுல், பெயர் பெயராக வாழ்த்துதல் சொல்லத் தொடங்குகிறார். கொரிந்துவின் துறைமுகமாகிய கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்த பெபேயாளை முதலில் நிறுத்தி, அவள் பலருக்கும் தமக்கும் ஆதரவாயிருந்தவள் என்று எழுதிக்கொடுக்கிறார். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகியோரைக் குறிக்கும்போது கர்த்தருக்குள் பிரயாசப்பட்டவர்கள் என்றே குறிக்கிறார். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. பாய் விரித்திருக்கலாம், கிண்ணம் கழுவியிருக்கலாம். ஆனாலும் அவர்களின் பெயர் நிருபத்தில் இருக்கிறது. ஆகவே உழைத்தவர்களைப் பெயர் சொல்லி நன்றி கூறுவது உலக வழக்கம் என்றும், ஆவிக்குரிய சபைக்கு அது தேவையில்லை என்றும் பேசுவது வேதத்துக்கு ஒத்த பேச்சல்ல. உங்கள் சபை இதில் தவறியிருக்கிறது. அதை நான் மூடி மறைக்கப்போவதில்லை, நீங்களும் மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் நன்றி சொல்வது சபையின் கடமை. அந்த நன்றியைக் கூலியாக எண்ணாமலிருப்பது ஊழியருடைய கடமை. முதல் கடமையில் அவர்கள் தவறினார்கள் என்பதால் இரண்டாவது கடமையிலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடாது. வடசென்னைச் சபைகளில் ஆலோசனைக்கு வருகிறவர்களோடு பேசும்போது, மனம் கசந்த ஊழியர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துகொண்டிருப்பதைத்தான் காண்கிறேன். 'அவர்கள் எனக்குச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை' என்ற உண்மையான வாக்கியம், கொஞ்ச நாளில் 'ஆகவே நான் செய்ததெல்லாம் வீண்' என்ற பொய்யான வாக்கியமாக மாறிவிடுகிறது. உங்கள் கடிதத்திலும் அந்த மாற்றம் தொடங்கியிருக்கிறது என்று அஞ்சுகிறேன்.

லூக்கா பதினைந்தில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்தபோது மூத்த மகன் பேசிய பேச்சைக் கவனித்துப் பாருங்கள். "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்குகிறான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வயலில் உழைத்தவன், அன்றைக்கும் வயலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தான். ஆனால் வருஷங்களை எண்ணிச் சொல்லவேண்டிய நிலைமை வந்தபோதே, மகனாயிருந்தவன் தன்னைக் கூலிக்காரனுடைய இடத்தில் வைத்துவிட்டான். தனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்ற கணக்கு அவனுடைய வாயிலிருந்து வருகிறது. தகப்பன் அந்தக் கணக்கைத் தவறு என்று மறுக்கவில்லை, இத்தனை ஆடு தருகிறேன் என்று பேரமும் பேசவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். உங்களுக்கும் அதுதான் பதில் என்று நினைக்கிறேன், சகோதரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின், ஆலயத்தின் பக்க அறையாகிய வெஸ்ட்ரியில் தனியே நின்று அந்தச் சின்னஞ்சிறு கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி, தட்டின் குழிகளில் கவிழ்த்து வைத்தீர்களே, அந்த வேளைகளில் அவர் உங்களோடு இருந்தார். நீங்களும் அவரோடு இருந்தீர்கள். அது பிறகு வரப்போகிற எதற்கோ முன்பணமாகச் செய்யப்பட்டதல்ல. அன்றே நிறைவாகக் கொடுக்கப்பட்டுவிட்டது.

'எதைச் செய்தாலும் மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்ற கொலோசெயர் வசனத்தை உங்கள் நாத்தனார் மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். அந்த வசனத்தைப் பெரும்பாலும் மற்றவர்களைக் கடிந்துகொள்ளவே பயன்படுத்துகிறோம். பவுல் அதை யாருக்கு எழுதினார் என்று பாருங்கள்: அடிமைகளாயிருந்த வேலைக்காரருக்கு. எவ்வளவு உழைத்தாலும் எஜமானுடைய வீட்டில் சுதந்தரத்தில், அதாவது சொத்துரிமையில், பங்கு கேட்க முடியாத அந்த மனிதர்களிடம், கர்த்தராலே சுதந்தரத்தின் பலனைப் பெறுவீர்கள் என்கிறார். பார்க்க யாருமில்லாமல், பாராட்டவும் யாருமில்லாமல் உழைக்கிறவர்களுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட வார்த்தை அது. உங்களைக் குற்றப்படுத்த அதை யார் எடுத்தாலும், நீங்கள் அதை உங்களுக்குரிய வாக்குத்தத்தமாகவே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஊழியத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டீர்கள். மார்த்தாளைக் குறித்து நாம் எப்போதும் பாதியையே பேசுகிறோம். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் அவள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்து, தன் சகோதரி மரியாள் ஆண்டவருடைய பாதத்தருகே உட்கார்ந்துகொண்டு தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாள் என்று அவரிடமே முறையிட்டாள். அவர் அவளைக் கடிந்துகொண்டார். அங்கே அவளுடைய சமையல் குற்றமாக எண்ணப்படவில்லை. கை வேலையில் இருக்க, கண் மரியாளின் மேல் இருந்தது. பரிமாறிக்கொண்டே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில், பெத்தானியாவில் அவருக்கு இராவிருந்து கொடுக்கப்பட்டபோது, "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்" என்று மறுபடியும் எழுதியிருக்கிறது. அதே பெண், அதே வேலை. அன்றும் மரியாள் பரிமள தைலத்தோடு அவருடைய பாதத்தருகேதான் இருந்தாள். இம்முறை மார்த்தாளிடமிருந்து முறையீடு எதுவும் பதிவாகவில்லை. கடிந்துகொள்ளப்பட்டதற்காக அவள் அடுப்படியை விட்டுப் போய்விடவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. ஆகவே 'விட்டுவிடட்டுமா' என்ற கேள்விக்கு என் பதில் இது: கசப்போடு விடவேண்டாம், கசப்பை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலத் தொடரவும் வேண்டாம்.

இனி அந்த இளம் கண்காணிப்பாளரைப் பற்றி. அவள் உங்களிடம் கற்றவள் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்; நான் அந்த வரியைத் தாண்டிப் போக விரும்பவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய கனிகளில், தன் வகுப்பில் உட்கார்ந்து வசனம் ஒப்பித்த குழந்தை வளர்ந்து அதே பள்ளியை நடத்த வந்து நிற்பதைவிடப் பெரியது எது? பொன்னாடையை எல்லாருக்கும் போர்த்தலாம், இது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உங்கள் உழைப்பு தேவனுக்கு ஏற்றதாக இருந்ததா என்ற கேள்விக்குக் கண்ணால் காணக்கூடிய ஒரு பதில் அந்தப் பெண். அவளையே உங்கள் அவமானத்தின் காரணமாக நீங்கள் பார்க்க நேர்ந்திருப்பது எனக்கு மிகுந்த துக்கமாயிருக்கிறது.

எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தில் தேவனுடைய பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியருக்கு ஒரு ஒழுங்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. இருபத்தைந்து வயது முதல், தொழுகைக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தின் பணிவிடையில் சேரவேண்டும்; ஐம்பது வயதானபோது அந்தப் பாரமான பணிவிடையை விட்டு, தங்கள் சகோதரரோடு சேர்ந்து காவல் காக்கிற வேலையில் இருக்கவேண்டும். கூடாரத்தை வனாந்தரத்தில் கழற்றிச் சுமந்து மறுபடி நிறுத்துகிற வேலை இளையவர்களுக்கு. காக்கிற வேலை மூத்தவர்களுக்கு. ஐம்பது வயதானவனைக் கூடாரத்திலிருந்து வெளியேற்றவில்லை, அவன் கையிலிருந்த பாரத்தை இறக்கி வைத்தார்கள். அந்தப் பிரமாணம் இன்று உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊழியத்தில் ஒரு கட்டத்தில் இடம் மாறுவது தண்டனை அல்ல என்பதை அதில் காணலாம். அதே ஆகமத்தின் நான்காம் அதிகாரத்தில், லேவியரில் ஒரு பிரிவினராகிய மெராரியின் புத்திரர் சுமக்கவேண்டிய பலகைகள், தாழ்ப்பாள்கள், முளைகள், கயிறுகள் ஆகியவற்றையும் பேர்பேராக எண்ணிக் கொடுக்கவேண்டும் என்று கட்டளையிருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டியை இன்னொரு பிரிவினராகிய கோகாத்தியர் சுமந்தார்கள். முளையையும் கயிற்றையும் மெராரியர் சுமந்தார்கள். முளை இல்லாமல் கூடாரம் நின்றிருக்காது. எழுத்துக்கூட்டத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பதைச் சொல் சொல்லாக வாயில் ஏற்றிவிடும் வகுப்பைச் சிறிய வகுப்பு என்று அந்தப் பெண் நினைத்திருந்தால் அவள் அதைத் திருத்திக்கொள்ளவேண்டும். நீங்கள் நினைத்தால் நீங்களும் திருத்திக்கொள்ளவேண்டும்.

ஆயினும் அவள் அதைச் சொன்ன விதத்தில் மரியாதைக் குறைவு இருந்திருக்கலாம். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள், சுவிசேஷத்துக்காகப் பவுலோடு மிகவும் உழைத்தவர்கள், ஒருவரோடொருவர் மனம் ஒவ்வாமல் போனார்கள். பவுல் இருவருக்கும் தனித்தனியே புத்தி சொல்கிறார், யார் பக்கம் நியாயம் என்று எழுதவில்லை, அவர்களுக்கு உதவி செய்யும்படி சபையிலிருந்த இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். உண்மையான ஊழியர்களுக்குள்ளும் இப்படி நடக்கும் என்பதற்காகவே இது எழுதப்பட்டிருக்கிறதென்று நான் நம்புகிறேன்.

நீங்கள் இருக்கும் பகுதியிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. 1880-களின் இறுதியில் ஸ்காட்லாந்திலிருந்து மருத்துவ மிஷனரியாக மதராசுக்கு வந்த மெட்டில்டா மாக்ஃபெயில் என்ற பெண் மருத்துவர், இந்தப் பகுதியின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கே உழைத்தார். அந்தப் பணியிலிருந்து எழுந்ததுதான் நீங்கள் நன்கு அறிந்த ரெய்னி மருத்துவமனை. வாசல் பலகையில் இருப்பது, மிஷனரிப் பணிக்கு ஸ்காட்லாந்தில் துணைநின்ற கிறிஸ்டினா ரெய்னி அம்மையாரின் பெயர். மாக்ஃபெயில் அம்மையாரின் பெயர் அல்ல. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் அங்கே பிரசவம் பார்த்துக்கொண்ட குடும்பங்களில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும்? தெரியாததால் பிறந்த குழந்தைகள் பிறக்காமல் போகவில்லை.

உங்கள் கணவர் சொன்னதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். அவருடைய கேள்வியில் கோபம் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாள்களில்தான் அவற்றைப் பழுதுபார்க்கிறார்கள், ஆகவே இஞ்சின் மெக்கானிக்குக் கைநிறைய வேலை இருப்பதும் அப்போதுதான். அதே மே மாதத்தில்தான் உங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியும் வருகிறது. கைமுழுதும் கிரீஸோடும் டீசல் வாடையோடும் அவர் பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வரும்போது, நீங்கள் சார்ட் அட்டையில் நோவாவின் பேழையை வெட்டி ஒட்டிக்கொண்டு சபையில் இருந்திருப்பீர்கள். அவர் சோற்றைத் தாமே போட்டுக்கொண்டிருப்பார். ஒரு வருஷம் அல்ல, ஒவ்வொரு வருஷமும். தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட கடுமையான வார்த்தை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. வீட்டில் பரிமாறுவதும் கர்த்தருக்கென்று செய்கிற வேலைதான். சபையில் செய்வதை மாத்திரம் ஊழியம் என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது, அதனால் பல வீடுகள் மௌனமாகக் காயப்பட்டிருக்கின்றன. அவருடைய கேள்விக்கு வாதம் செய்யாதீர்கள். "உங்களைத் தனியே விட்டுவிட்டேன், அது தவறு" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

ஜெபிக்க வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுபத்துமூன்றாம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். அது ஆசாப்பின் பெயரில் இருக்கிறது. தாவீது ஆலயப் பாடகர்களுக்குத் தலைவனாக வைத்தவனுடைய பெயர், அதாவது நாள் தவறாமல் ஊழியத்தில் நின்றவனுடைய பெயர். "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி" என்று அவன் துணிந்து புலம்புகிறான். அந்தப் புலம்பலும் வேதத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது, தேவன் அதை நீக்கச் சொல்லவில்லை. பின்பு, "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்" என்கிறான். அழகாக ஜெபிக்க முயலவேண்டாம். ஆசாப்பின் முதல் பாதியை வாய்விட்டு வாசித்து, உங்களுக்கு நேர்ந்ததையும் அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ, பசி குறைந்திருந்தாலோ, அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் உடலில் நடக்கும் மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. மனநலப் பிரிவுக்குச் செல்வதில் எந்த இழிவும் இல்லை. சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவன் உண்டான், மறுபடியும் தூங்கினான், மறுபடியும் உண்டான், அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு நடந்தான்.

இனி நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இப்போது ராஜினாமா எழுதவேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாத்திரம் வகுப்பிலிருந்து விடுப்புக் கேளுங்கள். ஆராதனை நடக்கும் அதே வேளையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள் பிரசங்கம் கேட்டே மாதக்கணக்காகியிருக்கும்; அந்த மூன்று வாரமும் உங்கள் கணவருக்கு அருகில் உட்கார்ந்து, கொடுக்கிறவராக அல்லாமல் பெறுகிறவராக இருங்கள். கிண்ணங்களை இன்னொருவர் கழுவட்டும். சரியாகக் கழுவாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள்.

அந்த இடைவெளியில் ஆயரைத் தனியே சந்தியுங்கள். கமிட்டி அங்கத்தினர் யாரையும் துணைக்கு அழைக்காதீர்கள், ஏனெனில் அவரவருடைய பழைய மனஸ்தாபங்களும் உங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். "ஐயா, ஆண்டு விழாவில் என் பெயர் விடுபட்டது எனக்கு நோவாக இருந்தது. எனக்குப் பொன்னாடை வேண்டாம், ஆனால் இது யாருக்கும் மறுபடி நடக்காதபடி, பட்டியலை இரண்டு பேர் சரிபார்க்க ஏற்பாடு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லும்போது உண்மையாகவே வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். நோவாக இருந்தது என்பது மாத்திரம் போதும். அவர் மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் அதைத் தெருவில் கொண்டுபோய்ப் பேசாதீர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பேசாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் போவது இதைவிடக் கடினமாயிருக்கும், ஆகவே அதைப் பிந்திச் செய்யுங்கள். உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்று ஆண்டவர் காட்டிய வழி அவளுக்கும் பொருந்தும். வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டுப் பேசுங்கள். அவள் சொன்ன விதம் உங்களைப் புண்படுத்தியது என்பதை மறைக்கவேண்டாம். அவள் கண்காணிப்பாளரானதில் முதலில் உங்களுக்கு மகிழ்ச்சி வரவில்லை என்பதையும் மறைக்கவேண்டாம். பிறகு, எந்தக் குழந்தையின் அப்பா குடிக்கிறார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது, எந்த வீட்டில் அம்மா இல்லை, எந்தப் பையனுக்குக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னால் நா எழாது என்று, வருகைப் பதிவேட்டில் இல்லாத அத்தனையையும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பி.எட். பாடத்தில் அது இல்லை. சபையில் அதை அறிந்தவர் நீங்கள் ஒருவரே.

வரும் மே மாத விடுமுறைப் பள்ளியைப் பொறுத்தவரை, காலை வகுப்பை மாத்திரம் ஏற்றுக்கொண்டு பிற்பகல் வேலைகளை இளையவர்களிடம் விட்டுவிடுவதாகக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.